சர்பத்துக்கு அள்ளிய ஐஸ்கட்டி

பெண் வீட்டுக்கு வாழப் போகிறவன் அந்த வீட்டுப் பிரிட்ஜைத் தானாகத் திறக்கக் கூடாது என்று என் உம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் இடம் மாறுவான். வீடு மனைவியின் பெயரில் இருக்கும். அதே வளவில் அடுத்த வீடு மாமியுடையது. நான் உம்மாவின் சொல்லைக் கேட்டு நடந்தேன். ஆரம்பத்தில் குடிக்கத் தண்ணீர்கூட என் மனைவி நிஹ்லாதான் எடுத்துத் தந்தாள். பிறகு அந்தப் பிரிட்ஜின் மேல் தட்டு முழுவதும் என்னுடையதாகிவிட்டது. மீன் வைக்க இடமில்லை என்று அவள் ஒருநாளும் முறையிட்டதில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒழுங்காக எழுதுவது என் தொழிலின் பகுதி.

என் பெயர் றிப்தி. பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் படிப்பிக்கிறேன். ஆராய்ச்சி ஓமோன் வாங்கிகளில். இதைச் சுருக்கமாக விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை உங்களுக்குப் பிழையாகப் படும். மூளையின் அடியில் இருக்கும் சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பிக்கு ஓமோன் வழியாகச் சேதி அனுப்புகிறது. கோர்ட்டிசோல் செய் என்பது அந்தச் சேதி. காய்ச்சலோ பசியோ பயமோ எது வந்தாலும் உடம்பைத் தாங்கி நிறுத்துவது கோர்ட்டிசோல்தான். சேதியைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தை வாங்கி என்கிறோம். அதைச் செய்யும் கட்டளை டிஎன்ஏயில் இருக்கிறது. அந்தக் கட்டளையில் ஓர் எழுத்து மாறினாலும் வாங்கி செவிடாகிவிடலாம். அப்போது மூளை மேலும் மேலும் கத்தும். அந்தக் கத்தலில் தோல் கறுக்கும். ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலே ஆள் விழுந்துவிடுவார்.

நிஹ்லாவின் குடும்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் முதலில் சொன்னவர் கலியாணத் தரகர். அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். சொந்தத்துக்குள்ளேயே முடித்து முடித்து வந்த குடும்பம், பிள்ளைகள் சும்மா காய்ச்சலில் மௌத்தாகிறார்கள், பெண்கள் வளர வளரக் கறுத்துப் போகிறார்கள், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் கதை. நான் அடுத்த அறையில் இருந்தேன். வெளியே வந்து அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நான் தயங்குகிறேன் என்று அவர் நினைத்தார். எந்தெந்தப் பிள்ளைகள், யாருக்குப் பிறந்தவர்கள் என்று கேட்டேன்.

கலியாணப் பேச்சுக்கு நிஹ்லாவின் தகப்பன், மாமா அபுல் ஹஸன், சாகாமத்து வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்திருந்தார். நேராகவே கேட்டார்.

"சீதனம் என்ன எதிர்பாக்கிறீங்க மகன்? வெக்கப்படாம கதைங்க."

"ஒண்டும் வேணா மாமா. வீட்டாக்கள் எல்லார்ட்டயும் கொஞ்சம் ரத்தம் தந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி சல்மா உம்மா தலைச் சீலையை வாயில் வைத்துக்கொண்டு, "அல்லாஹ்வே, நான் காணியாக்கும் எண்டு நெஞ்சு திடுக்கிட்டுப் போனன்," என்றார். திரைக்குப் பின்னால் இருந்து ஓர் இளம் குரல் மட்டும் சிரிக்காமல் கேட்டது. "மாப்புள முடிக்க வந்தாரா, நுளம்பு மாதிரி ரத்தம் குடிக்க வந்தாரா?"

அது நிஹ்லாவின் தங்கை றுக்ஸானா. மாமி அவளை அதட்டினார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கேள்வி கேட்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அந்த இரத்தத்தில் நான் எதிர்பார்த்தது கிடைத்தது. வாங்கியின் மரபணுவில் ஒரு மாற்றம், வேறெங்கும் பதிவாகாதது. மாமாவும் மாமியும் அதை அரைப் பங்காகச் சுமந்தார்கள், அவர்களுக்கு நோயில்லை. நிஹ்லாவிடமும் றுக்ஸானாவிடமும் அது முழுமையாக இருந்தது. இருவரையும் விசேட வைத்தியரிடம் கூட்டிப் போனேன். தினமும் கோர்ட்டிசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் நிஹ்லாவின் முகத்துக் கறுப்பு வெளுத்தது. மாடிப்படியில் நிற்காமல் ஏறினாள். மாமி என் தலையைத் தொட்டுத் துஆச் செய்தார். நிஹ்லாவின் உயிரை முதலில் காப்பாற்றியவன் நான். இதை நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். நான் போகாதிருந்தால் அவள் ஏதாவது ஒரு காய்ச்சலில் எப்போதோ போயிருப்பாள். அதன் பிறகு அவளுக்குக் கிடைத்த காலம் நான் கொடுத்த காலம்.

இனி ஆராய்ச்சி. என்னோடு சேர்ந்து செய்தவர் கிருசாந்தி, எங்கள் துறையின் இன்னொரு விரிவுரையாளர், பாண்டிருப்பு ஊர். அந்த மரபணுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களுக்குள் வைத்துப் பார்த்தோம். வாங்கி முழுச் செவிடு அல்ல. மிக மெல்லியதாக ஏதோ கேட்கிறது. அப்படியானால் இந்த நோயைப் பற்றி எழுதப்பட்டதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டும். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். விமர்சகர்கள் ஒன்று கேட்டார்கள். வளர்த்த உயிரணுவில் கண்டது சரி, நோயாளியின் உடம்பில் அது நடக்கிறதா?

நியாயமான கேள்வி. ஆனால் மாத்திரை எடுப்பவரின் உடம்பில் அதைப் பார்க்க முடியாது. மாத்திரை இருந்தால் மூளை கத்துவதில்லை. கத்தாவிட்டால் வாங்கி கேட்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மாத்திரை இல்லாமல், உடம்பு களைத்து, மூளை தன் உச்சக் குரலில் கத்தும் நேரம் வேண்டும். அந்த நேரத்து இரத்த அணுக்களின் ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏ கட்டளையின் நகல், சொல்லிவிடும். கோர்ட்டிசோலை நேராக அளக்கலாமே என்று கேட்பீர்கள். இவ்வளவு சிறிய அளவைக் கருவி பிடிக்காது. ஆர்என்ஏ பிடிக்கும். ஆனால் ஆர்என்ஏ சீக்கிரம் உடைந்துவிடும். எடுத்த கையோடு ஐஸில் வைக்க வேண்டும்.

வைத்தியரிடம் அனுமதி கேட்டேன். அப்படியொரு சோதனையை ஆஸ்பத்திரியில்கூடச் செய்ய விடமாட்டேன் என்றார். கிருசாந்தியும் வேண்டாம் என்றார். "கட்டுரை சின்னதாப் போனாப் பரவாயில்ல றிப்தி. அது உங்கட வைஃப்," என்றார். நான் சரி என்றேன்.

இதற்கிடையில் நோன்பு மாதம் வந்தது. நிஹ்லா வயது வந்த நாளில் இருந்து நோன்பு பிடித்ததில்லை. நோயாளிக்குக் கடமையில்லை என்று தெரிந்தாலும் அவளுக்கு அது வெட்கம். பகலில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தண்ணீர் குடிப்பாள். அந்தத் தடவை என்னிடம் வந்து கேட்டாள்.

"இஞ்சங்க, இந்த வருசம் நானும் புடிக்கட்டா? சஹருக்கும் நோன்பு துறக்கயும் மருந்தப் போட்டாச் சரிதானே?"

"டொக்டரக் கேக்கணும்."

"டொக்டருக்கு நோன்பத் தெரியுமா? நீங்க சரியெண்டு செல்லுங்க. நீங்க சென்னா உம்மாவும் ஒண்டும் கதைக்கமாட்டா."

நான் பிடிக்கச் சொன்னேன். அவள் அன்று சிரித்த மாதிரிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன். இதில் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

முதலில் எல்லாம் நன்றாக நடந்தது. விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் மாத்திரையை நானே எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். பாதி நோன்பு கழிந்த பிறகு மாத்திரையை மாற்றினேன். வெள்ளை நிறம், அதே பருமன், கல்சியம். கல்சியம் பெண்களுக்கு நல்லது. எந்த ஆய்விலும் ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒன்று கொடுப்பார்கள். என் பையில் கோர்ட்டிசோல் அவசர ஊசி தயாராக இருந்தது. இரத்தத்தை எடுப்பேன், ஊசியைப் போடுவேன், மறுநாள் பழைய மாத்திரை. அவள் அறியாமலே முடிந்துவிடும். அதுதான் என் திட்டம்.

அவள் களைத்தாள். நோன்பு என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும்தான். பிடித்த நோன்பை விடமாட்டேன் என்றாள். உதடு கறுக்கத் தொடங்கியதும் என்னைப் பார்த்து, "மருந்து சரியாத்தானே தாறீங்க?" என்று கேட்டாள். ஓம், சரிதான் என்றேன். அவள் அதை ஒரு சந்தேகமாகக் கேட்கவில்லை. மாத்திரை விழுங்க மறந்தோமோ என்று தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

அன்று காலை மீன் சந்தையில் ஐஸ் வாங்கி ஐஸ் கரையாத றிஜிபோம் பெட்டியில் நிரப்பி வந்தேன். பின்னேரம் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் அவள் விழுந்தாள். மாமி பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் கஞ்சியோடு வீட்டு முற்றத்தில் நின்றார். மாமா அறுவடைக்காகச் சாகாமத்தில். நான் அவளை அறைக்குத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

இரத்த அழுத்தம் விழுந்தால் நரம்பு ஒளிந்துகொள்ளும். இதை நான் போதிய அளவு யோசித்திருக்கவில்லை. முழங்கை மடிப்பில் கிடைக்கவில்லை. மற்றக் கையில் கிடைக்கவில்லை. மணிக்கட்டில் கொஞ்சம் வந்தது, அது போதாது. ஊசியை முதலில் போட்டால் மாதிரி பழுதாகிவிடும். ஆகவே தொடர்ந்து தேடினேன். கடைசியில் புறங்கையில் கிடைத்தது. குழாயை நிரப்பினேன், ஐஸுக்குள் வைத்தேன், பெட்டியை மூடினேன். பிறகு அவசர ஊசியைப் போட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். அண்டை வீட்டு வேனில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் நோன்பு துறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. அதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அழுதேனா என்று கேட்டீர்கள். இல்லை. இன்றுவரை அழவில்லை. உடம்பு தன்னைத் தாங்கிக்கொள்ளச் செய்கிற வேலை அது, கோர்ட்டிசோலின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரண விசாரணை அதிகாரி உடலைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். நான் எதிர்க்கவில்லை. மாமாதான் வயலில் இருந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார். "புள்ள நோன்போட மௌத்தான. வெட்டாமத் தாங்க சேர். நோய் எண்டு ஊருக்கே தெரியும்." வைத்தியக் குறிப்புகளும் அதையே சொல்லின. மையத்தை வெட்டாமலே தந்துவிட்டார்கள். அன்றிரவே அடக்கினோம்.

நான் மறந்தது ஒன்று. வெட்டமாட்டார்கள், ஆனால் கழுவுவார்கள். நிஹ்லாவைக் குளிப்பாட்டியவர்கள் மாமியும் றுக்ஸானாவும். மாமி முகத்தைக் கழுவினார். றுக்ஸானா கைகளைக் கழுவினாள்.

ஏழாம் நாள் நிஹ்லாவுக்காகக் கத்தம் ஓதி முடித்த பிறகு றுக்ஸானா என்னிடம் தேநீரை நீட்டிக்கொண்டே கேட்டாள். "மச்சான், ஆசுபத்திரில ராத்தாக்கு ஊசி எத்தினை எடத்தில குத்தின?"

"தெரியா. நான் வெளிய நிண்ட."

"ஓ," என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்தாள்.

இதற்கு மேல் நடந்தது எங்கள் ஊர் வழக்கம். வீடு நிஹ்லாவுடையது. பிள்ளை இல்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன். அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். மாமா வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் தலையைத் தடவினார்.

"மகன், நீங்க எங்க போற? ஒங்கள உட்டா இந்தப் புள்ளட நோய் வருத்தத்த ஆரு பாக்கிற? றுக்ஸானாவ ஒங்களுக்குத் தாறன். அடுத்த நோன்புக்கு முதல் முடிச்சிருவம்."

மனைவியை இழந்த ஆணுக்கு இத்தாக் காத்திருப்பு இல்லை, தங்கையை முடிக்கத் தடையும் இல்லை. அந்த மாதம்தான் விமர்சகர்களின் இரண்டாவது பதில் வந்திருந்தது. நிஹ்லாவின் ஆர்என்ஏயில் கண்டது அசாதாரணமானது என்று எழுதியிருந்தார்கள். வாங்கி கேட்டிருக்கிறது, மிக மெல்லியதாக, ஆனால் கேட்டிருக்கிறது. ஆனால் ஒருவரில் கண்டது போதாது, அதே குடும்பத்தில் இன்னொருவரில் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மாமாவிடம் சரி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

றுக்ஸானா மறுக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியம். கலியாணம் நிச்சயமான பிறகு அவளுக்கும் நானே மாத்திரை கொடுக்கத் தொடங்கினேன். போத்தலை மாமியிடம் கொடுப்பேன், மாமி அவளிடம் கொடுப்பார். கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தேன். கையைத் தானாகவே நீட்டுவாள். நீட்டிவிட்டு, "ராத்தாவும் இப்பிடித்தான் நீட்டினாவா?" என்று கேட்பாள். அந்தப் போத்தலில் இருந்தது கல்சியம். நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவள் களைக்கவில்லை. கறுக்கவில்லை. கிழமைகள் போயின, அவள் வளவைக் கூட்டினாள், தண்ணீர் இறைத்தாள், மாமியோடு சண்டை பிடித்தாள். அந்த நாட்களில் நான் நிம்மதியாக உறங்கினேன். ஒரே மாற்றம், ஆனால் தங்கையின் வாங்கி அக்காவின் வாங்கியைவிட நன்றாகக் கேட்கிறது. அப்படியென்றால் இது முன்பு நினைத்ததைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. கட்டுரையின் தலைப்பையே மாற்றி எழுதினேன்.

அதைப் பார்க்கத்தான் கிருசாந்தி ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கட்டுரையின் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

"றிப்தி, நிஹ்லாட சாம்பிள் ஆஸ்பத்திரியில எடுத்த எண்டுதானே சொன்னீங்க. அங்க எடுத்த ரத்தத்தில ஆர்என்ஏ இப்பிடி உடையாம இருக்காது. ஆரோ கையில ஐஸோட நிண்டிருக்கணும்."

"நேர்ஸ் ஒராள் உதவி செய்தா," என்றேன்.

அந்த நேரம் றுக்ஸானா சர்பத்துத் தட்டோடு வந்தாள். கண்ணாடிக் குவளைகளில் ஐஸ்கட்டி சத்தம் போட்டது.

"குடிங்க மிஸ். எங்கட மச்சானுக்கு ஐஸெண்டா உசிரு. கலியாணத்துக்கு நகை கேக்கமாட்டாரு, ஐஸ்தான் கேப்பாரு."

கிருசாந்தி சிரிக்கப் பார்த்தார்.

"மெய்யாத்தான் மிஸ். போன நோன்புல ராத்தா உழுந்த அண்டும் பெட்டி நெறைய ஐஸ் வச்சிருந்தாரு. மீனாக்கும் எண்டு தொறந்து பாத்தன், மீனில்ல. நோன்பு துறக்கச் சர்பத்துக் கரைக்க ரெண்டு கட்டி களவா அள்ளின நான்தான்."

கிருசாந்தி குவளையை வாயருகே கொண்டுபோகவில்லை. "அது எப்ப றுக்ஸானா? அக்கா விழுந்த பிறகா?"

"இல்ல மிஸ். ராத்தா குசினிக்க நிண்டு கஞ்சி கிண்டிக்கிட்டு இரிந்தா. களவு எடுக்கிறயா எண்டு என்னப் பாத்துச் சிரிச்சா."

கிருசாந்தி குவளையைத் தட்டில் திரும்ப வைத்தார். றுக்ஸானா தாவணி முடிச்சை அவிழ்த்து ஒரு போத்தலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நான் கொடுத்த மாத்திரைகள், ஒன்றும் குறையாமல்.

"கிளினிக்கில எண்ட பேருக்கு வேற மருந்து எடுக்கிறன் மச்சான். மையத்தக் கழுவின நாள்ல இருந்து. இத என்ன மருந்தெண்டு மிஸ்ட கேட்டுப் பாக்கட்டா, பொலிஸ்ல கேக்கட்டா?"

அந்த நிமிடம் நான் முதலில் நினைத்தது கட்டுரையைத்தான். தங்கையின் வாங்கி நன்றாகக் கேட்கவில்லை. அவள் மருந்து எடுத்திருக்கிறாள். நான் எழுதிய முடிவு முழுவதும் பிழை. பிழையான முடிவு அச்சேறாமல் தடுத்ததற்காக அவளுக்கு நான் நன்றி சொன்னேன். கிருசாந்தி என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது விளங்கவில்லை.

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். நிஹ்லாவின் மருந்தை நான் நிறுத்தினேன். அவள் விழுவதற்காகக் காத்திருந்தேன். விழுந்த பிறகு ஊசியைப் பிந்திப் போட்டேன். கொன்றது நான்தான். நான் வருந்துவது கிருசாந்தியிடம் சொன்ன பொய்க்காக. மாதிரியை எங்கே, எப்படி எடுத்தோம் என்பதில் பொய் எழுதக் கூடாது. மற்றபடி நிஹ்லா எதற்காகப் போனாளோ அது வீண்போகவில்லை. அவளுடைய குழாய் இன்னும் கம்பஸ் ஆய்வுக்கூட உறைபெட்டியில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அதைக் கவனிக்க ஒருவரை நியமிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, கடைசியாக. நோன்பு வருகிறது. றுக்ஸானாவும் ராத்தாவைப் போலவே பிடிவாதக்காரி, நோன்பு பிடிப்பேன் என்று நிற்பாள். யாராவது அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் மருந்தைத் தவறவிட்டு விழுந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டால் எனக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். அவசர ஊசியை வேறு யாரும் போடலாம். ஐஸை மட்டும் அதற்கு முன் ஆயத்தமாக வைக்கச் சொல்லுங்கள்.